பிணைக்காரன்

சித்திரையில்தான் கடைசி டியூ கட்டினேன்.
ஃபைனான்ஸ்காரன் திருப்பித் தந்த ஆர்.சி. புக்கின் உறையில்
அவன் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை.
துடைக்காமலே பீரோவில் வைத்தாள் எப்சிபா,
ஞானஸ்நானச் சீட்டுக்கும் ரேஷன் கார்டுக்கும் நடுவில்.

ஆடியில் சொன்னாள்:
"அந்தப் பையனுக்கு நாம நிக்கலாம்."

எந்தப் பையன்?
பெருங்குடியில் பதினாலு மாடி எழும்பும் இடத்தில்
கம்பி கட்ட வந்தவன். பலாங்கீர் பக்கம். சுசாந்த மாஜி.
அவளுடைய தள்ளுவண்டியில் தினமும் நாலு இட்லி,
சட்னி வேண்டாம், சாம்பார் ரெண்டு தரம்.
கூட வேலை செய்தவன் ஒன்பதாம் மாடியிலிருந்து விழுந்த அன்று
பிணத்தை எடுக்கவிடாமல் உட்கார்ந்தார்கள்.
ஒரு கல். யார் எறிந்ததோ. ஜீப்பின் கண்ணாடி.
பதினோரு பேர் புழலுக்குப் போனார்கள்.
பத்துப் பேரைக் கான்ட்ராக்டர் எடுத்துவிட்டான்.
இவன்தான் முதலில் உட்கார்ந்தவன்.
ஜாமீன் கிடைத்து நாலு மாதம்,
கையெழுத்துப் போட இந்த ஊரில் ஆளில்லை.
கதவு திறந்திருக்கு, வரத்தான் முடியல
என்று வக்கீலம்மா சொன்னதை
இவள் ராத்திரியெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நான் கத்தினேன்.
அவன் ரயிலேறிட்டா? பலாங்கீர் எந்தத் திசைன்னாவது தெரியுமா?
பாப்பாவுக்கு ஃபீஸ் யார் கட்டுவது, உன் ஆண்டவரா?
அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.
"தொண்ணூறு ரூபா பாக்கி இருக்கு அவன்கிட்ட" என்றாள்,
அதுதான் காரணம் என்பதைப் போல.

பாஸ்டரிடம் கூட்டிப்போனது நான்தான்.
அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
அந்நியனுக்குப் பிணை நிற்பது புத்தியில்லை, சிஸ்டர்.
அப்பாடா என்றிருந்தது எனக்கு.
எப்சிபா முந்தானையை இழுத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டாள்:
"அப்போ நமக்காக நின்னவரு
புத்தியில்லாமலா நின்னாரு, ஐயா?"
ஃபேன் சுற்றியது. வேறு சத்தமில்லை.

எனக்குச் சாமி என்றால் எலுமிச்சம்பழம்.
எஃப்.சி.க்கு நாலு, ஆயுத பூஜைக்கு நாலு,
நசுக்கிவிட்டு நகர்ந்துவிடுவேன்.
நம்பிக்கை என்று ஒன்று கையில் இருந்ததே இல்லை.
அன்றைக்கு அவளிடம் கொஞ்சம்
கைமாத்தாக வாங்கினேன்.

சைதாப்பேட்டை கோர்ட்.
"இவரை எப்படித் தெரியும்?"
இட்லி, என்றேன். யாரோ சிரித்தார்கள்.
"ஓடிட்டா இருபத்தஞ்சாயிரம். வண்டியும் போகும்.
தெரிஞ்சுதான் நிக்கிறியா?"
தெரிஞ்சுதான் என்றது வாய்.
கால் வாசலைப் பார்த்தே நின்றது.
அந்த டீ வட்டத்தின் மேலேயே விழுந்தது முத்திரை.

புழல் வாசலுக்குச் செருப்பில்லாமல் வந்தான்.
காலில் விழப் போனவனை
ஏறுடா என்று அதட்டினாள் எப்சிபா.
மாதவரம் தாண்டும்வரை
மீட்டரையே பார்த்துக்கொண்டு வந்தான்.
நான் மீட்டர் போடவில்லை.
அது அவனுக்குப் புரிய
மூலக்கடை வரை ஆனது.

இன்று வாய்தா.
நேற்று ராத்திரியிலிருந்து அவன் போன் ஸ்விட்ச் ஆஃப்.
எப்சிபா மடியில் வாழையிலைப் பொட்டலம், நாலு இட்லி,
சாம்பார் தனிக் கவரில், இரண்டு முடிச்சு.
கண்ணை மூடவில்லை அவள்,
படிக்கட்டையே பார்க்கிறாள்.
ஜெபம் இப்படியும் இருக்குமென்று எனக்குத் தெரியாது.
எந்த லாரியில் அடிபட்டானோ,
பஸ்ஸுக்குக் காசிருந்ததோ என்று ஓடுகிறது என் மனசு.
வண்டி ஞாபகம் அப்புறம்தான் வந்தது.
வந்தது, பொய் சொல்லக்கூடாது.

டவாலி வாசலுக்கு வந்து கூப்பிடுகிறார்.
மூன்று தரம் கூப்பிடுவது வழக்கம்.
இரண்டு ஆகிவிட்டது.